தோற்பதற்கென்று ஒரு குதிரை

பந்தயத்தில் குதிரைகளுக்குப் பின்னாலேயே ஓர் ஆம்புலன்ஸும் ஓடும் என்பது பலருக்குத் தெரியாது. திரையில் அதை அதிகம் காட்டமாட்டார்கள். குதிரைகள் புல்தரையில் பாயும்போது, உள்பக்கப் பாதையில் அதுவும் அவற்றின் வேகத்துக்குக் கூடவே போகும். சிங்கப்பூரின் கிராஞ்சிப் பந்தயத் திடலுக்கு நான் போன ஒரே நாளில், எல்லோரும் முன்னால் வந்த குதிரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்க, நான் தொடக்கம் முதல் முடிவு வரை அந்த வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பந்தயத்தில் ஒரு குதிரையின் மேல் என் தம்பி இருந்தான்.

தம்பி என்னைவிட மிகவும் இளையவன். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு உட்லண்ட்ஸ் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் பிறந்ததிலிருந்தே பொடியன். பள்ளி வரிசையில் முதல் ஆளாக நிற்பான். காற்பந்தில் கடைசி ஆளாகத்தான் சேர்த்துக்கொள்வார்கள். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியை முடித்து வந்தவன் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "அக்கா, என் வெயிட்டுக்குன்னே ஒரு வேலை இருக்கு" என்றான். விமானத்தின் இடுக்குகளில் புகுந்து பழுது பார்க்கும் வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். ஜாக்கி வேலைக்குப் பயிற்சி என்றான். என் கையிலிருந்த கரண்டி ரசத்துக்குள் விழுந்தது.

என் பிழைப்பு வேறு அப்படிப்பட்டது. நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீட்டுப் பிரிவில் இருக்கிறேன். வேலையிடத்தில் அடிபட்டவர்களின் அறிக்கைகளைப் படிப்பதுதான் வேலை. எந்த எலும்பு எப்படி முறியும், எலும்பு கூடினாலும் எது பழையபடி ஆகாது என்று எனக்குத் தெரியும். நான் படிக்கும் அறிக்கைகளில் பாதி, "வழக்கம்போல" என்றுதான் தொடங்கும். வழக்கம்போல ஏணியில் ஏறினார். வழக்கம்போல வண்டியை எடுத்தார். அதனால் தம்பி விடியலுக்கு முன்பே கிளம்பும்போது, "வழக்கம்போல ஆறு குதிரை இருக்கு, ஓட்டிட்டு வந்துடுறேன்" என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. அந்தச் சொல்லைச் சொல்லாதே என்று சண்டைகூடப் போட்டிருக்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னைக் கேலி செய்வான்.

அவன் முதல் பந்தயம் ஓட்டவிருந்த வாரத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. தேக்கா சந்தைக் கூட்டத்தில் என் ஒரு காதுத் தோடு விழுந்து தொலைந்துவிட்டது. அதே காலையில் பயிற்சி ஓட்டத்தில் ஒரு குதிரை அவனைத் தூக்கி எறிந்தது. வேலிக் கம்பத்துக்கு ஒரு கை தூரத்தில் விழுந்திருக்கிறான். சட்டை கிழிந்ததோடு சரி, உடம்பில் ஒரு கீறல் இல்லை. அலுவலகத்தில் என் பக்கத்து மேசை அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கம்மா. உன் தோடு போச்சு, அவன் தலை தப்பிச்சுது" என்றார். அவருக்கு அது வாயில் வந்த ஒரு பழமொழி. எனக்கு அது ஒரு பத்திரத்தின் ஷரத்து மாதிரி மனதில் பதிந்துவிட்டது.

அப்படியென்றால் ஒவ்வொரு பந்தய நாளிலும் ஒரு தலைப்பாகை போக வேண்டும். நான் படித்தவள்தான். இது அசட்டுத்தனம் என்று எனக்கும் தெரியும். ஆனால் பயத்துக்குப் பட்டப்படிப்பு எல்லாம் தெரியாது.

சிங்கப்பூரில் எதையாவது தொலைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. ரயிலில் குடையை விட்டுவிட்டு இறங்கினேன். ஒரு பள்ளி மாணவி கதவு மூடுவதற்குள் குதித்து வந்து கையில் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரம் காப்பிக் கடை மேசையில் பணத்தை வைத்துவிட்டு நடந்தேன். மேசை துடைக்கும் அம்மா அடுக்குமாடி புளோக்கின் மறுகோடி வரை துரத்தி வந்தார். பேருந்து நிறுத்தத்தில் புதுப் புடவையைப் பையோடு விட்டுவந்த நாளில், பையிலிருந்த ரசீதைப் பார்த்து யாரோ கடைக்கு ஃபோன் செய்து, கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். கோயில் உண்டியலில் போடலாம்தான். ஆனால் அது புண்ணியக் கணக்கில் போய்ச் சேரும், நஷ்டம் ஆகாது. நஷ்டம் என்றால் வயிறு எரிய வேண்டும். யோசித்துப் பார்த்ததில், வாங்கிய காசை இந்த ஊரில் திருப்பித் தராத இடம் ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. குதிரையின் மேல் பந்தயப் பணம் கட்டும் இடம்.

ஒரு விதி மட்டும் வைத்துக்கொண்டேன். தம்பி ஓட்டும் பந்தயத்தில் கட்டுவதில்லை. ஜாக்கியின் அக்கா அதே பந்தயத்தில் கட்டினாள் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அவன் உரிமத்துக்கே ஆபத்து. அதனால் அன்றைய மற்றப் பந்தயங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஜெயிக்கவே முடியாத ஒரு குதிரையின் மேல் கட்டிவிட்டு, அது தோற்ற பிறகுதான் மூச்சு விடுவேன். உட்லண்ட்ஸில் தம்பியைத் தெரியாதவர்கள் இல்லை என்பதால் தேக்காவுக்குப் போனேன். வார இறுதிக் கூட்டத்தில் அங்கே யாரும் யாரையும் கவனிப்பதில்லை. ஆனாலும் பந்தயக் கூடத்துக்குள் நுழையும்போது முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொள்ளும் அளவுக்குக் கூச்சம். முழுக்க ஆண்கள். எல்லோரும் தலையை அண்ணாந்து திரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய எண் உள்ளது பலசாலி, சிறிய எண் உள்ளது நோஞ்சான் என்று நானாக முடிவுசெய்து, ஆகச் சிறிய எண் உள்ள குதிரையின் மேல் கட்டினேன். பந்தயம் தொடங்கியதும் கூடமே அந்தக் குதிரையின் பெயரைச் சொல்லிக் கத்தியது. அப்போதுதான் பக்கத்தில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அந்த எண் ஜெயித்தால் கிடைக்கும் தொகையாம். ஆகச் சிறிய எண் என்றால் எல்லோரும் நம்பிக் கட்டிய குதிரையாம். கடைசி நேரத்தில் வெளிப்பக்கமாக வந்த இன்னொரு குதிரை மூக்கை நீட்டி அதை முந்தியது. கூடம் முழுக்க "ஐயோ" என்றது. நான் மட்டும் வாய்விட்டு, "அப்பாடா" என்றேன்.

பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும். குளிர்சாதனம் பொருத்தும் சொந்தத் தொழில். சட்டையிலேயே தொழிலின் பெயர் அச்சடித்திருந்தது.

"என்ன சிஸ்டர், நீங்களும் ஒன்னாம் நம்பர் குதிரதானே கட்டுனீங்க? தோத்ததுக்கு அப்பாடாங்கறீங்க?"

"பதற்றம் முடிஞ்சுதேன்னு சொன்னேன்" என்று சமாளித்தேன்.

"புதுசா? சரி, நான் சொல்றேன் கேளுங்க லா. பதினஞ்சு வருஷ அனுபவம்."

அவருடைய அனுபவம் முழுவதும் தோற்ற அனுபவம் என்பது எனக்குச் சில வாரங்களில் புரிந்தது. அவர் அடித்துச் சொல்லும் குதிரை ஜெயித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவர் கிடைத்தது தெய்வச் செயல். அவர் சொல்வதையே கட்டினேன். தன் பேச்சைக் கேட்டு ஒரு பெண் கட்டுகிறாள் என்பதில் அவருக்கு ஒரே பெருமை. வாராவாரம் இன்னும் விளக்கமாகப் பாடம் எடுத்தார். எனக்குத்தான் ஒவ்வொரு பாடமும் ஒரு புதுப் பயத்தைக் கொண்டுவந்தது.

கேட் என்பது குதிரைகள் கிளம்பும் பெட்டி. உள்பக்கப் பெட்டி கிடைத்தால் ஓட வேண்டிய தூரம் குறைவு, அதிர்ஷ்டம் என்றார் அவர். உள்பக்கம் என்றால் வேலியை ஒட்டி, மற்றக் குதிரைகள் எல்லாம் நெருக்கிக்கொண்டு வருமே என்று நான் நினைத்தேன். பிளிங்கர்ஸ் என்பது குதிரையின் கண்களுக்குப் பக்கவாட்டில் போடும் மூடி. முதல்முறை போட்டால் குதிரை பறக்கும் என்றார். என் தம்பியின் கீழே பாதிக் குருடான ஒரு மிருகம் பறப்பதை நான் கற்பனை செய்து பார்த்தேன். புது ஜாக்கி ஓட்டினால் குதிரை சுமக்க வேண்டிய எடையில் சில கிலோவைக் குறைப்பார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். அதனால் கூடத்தில் என் தம்பிக்குப் பெயரே கிடையாது. "அந்தக் கிலோ கொறயிற பையன் இருக்கான்ல, அவன் ஏறுறான், கட்டலாம்" என்பார்கள். அனுபவம் இல்லாதவன் என்பதற்கு எங்கள் தொழிலில் கூடுதல் கட்டணம் வாங்குவோம். இங்கே அதற்குத் தள்ளுபடி.

எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது தரை. மழைக்கு ஏற்பத் தரைக்குப் பெயர் மாறும். குட் என்றால் காய்ந்த புல். யீல்டிங் என்றால் மிதித்தால் சற்று அமுங்கும். சாஃப்ட் என்றால் குளம்பு புதையும். ஹெவி என்றால் சேறு. ஏர்கான்காரர் இதை எந்தக் குதிரைக்கு எந்தத் தரை பிடிக்கும் என்பதற்காகச் சொன்னார். நான் எந்தத் தரைக்காக வேண்டிக்கொள்வது என்பதற்காகக் கேட்டுக்கொண்டேன். குட் என்றால் வேகம் அதிகம். விழுந்தால் தரை கல். ஹெவி என்றால் விழுந்தாலும் மெத்தை; ஆனால் சறுக்கும், முன்னால் போகும் குதிரையின் சேறு கண்ணில் அடிக்கும். நடுவில் உள்ளது மேலே காய்ந்து கீழே ஈரமாக இருந்து ஏமாற்றும். யோசிக்க யோசிக்க வேண்டிக்கொள்ள ஒரு தரையும் மிஞ்சவில்லை. காத்தோங் பிள்ளையார் கோயிலில் நின்று, மழை வேண்டுமா வேண்டாமா என்று சொல்லத் தெரியாமல் திரும்பி வந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வந்தால் அலுவலக ஜன்னலில் மேகத்தைப் பார்ப்பேன். விடியலில் சுமத்ரா பக்கமிருந்து காற்றோடு மழை வந்தால், அவன் கதவைச் சாத்திவிட்டுப் போன சத்தம் கேட்ட பிறகு படுக்கையில் உட்கார்ந்தே இருப்பேன். இடி பலமாக இடித்தால் பந்தயத்தையே நிறுத்திவிடுவார்கள் என்பதால், இடி இடிக்கும்போது மட்டும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்படித்தான் கொட்டியது. ஆனால் இடி இல்லை. தேக்காவில் குடையை மடக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனபோது ஏர்கான்காரர் திரைக்கு நேராக நின்றிருந்தார். தம்பிக்கு அன்று கடைசிப் பந்தயம். அதற்கு முந்திய பந்தயத்தில் நான் கட்ட வேண்டும்.

"நாலாம் நம்பர் சிஸ்டர். கண்ண மூடிட்டுக் கட்டுங்க" என்றார்.

"ஒம்பது?"

"ஒம்பதா? ஈரத்துல அது நடக்கவே நடக்காது. போன ரெண்டு மழைக்கும் கடைசி."

அன்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. இத்தனை மாதம் கற்றுக்கொண்டோமே, இன்று நாமே ஒரு தோற்கிற குதிரையைக் கண்டுபிடிப்போம் என்று தோன்றியது. ஈரத்தில் நடக்காத குதிரை, வெளியே அடைமழை. இதைவிட உறுதியான நஷ்டம் எங்கே கிடைக்கும்? ஒன்பதின் மேல் கட்டினேன்.

ஒன்பது கிளம்பியதிலிருந்தே முன்னால் போயிற்று. வளைவில் பின்தங்கிவிடும் என்று பார்த்தேன். தங்கவில்லை. கடைசி நேர்ப்பாதையில் மற்றக் குதிரைகள் சாட்டையடி வாங்கிக்கொண்டு வர, அது மட்டும் யாரும் தொடாமலே தனியாக வந்து கோட்டைத் தாண்டியது. கூடத்தில் சத்தமே இல்லை. யாரும் அதைக் கட்டியிருக்கவில்லை.

ஏர்கான்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "சே, இது புல்லு இல்ல சிஸ்டர், பாலிடிராக்! செயற்கை மணல். மழ பட்டா இறுகிப் போயிடும், இன்னும் வேகமாத்தான் ஓடும். கவனிக்காம வுட்டுட்டேனே!" பிறகுதான் என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். "ஒம்பதா கட்டுனீங்க? நெஜமாவா? அட, அள்ளிட்டீங்களே!"

தலைப்பாகை போகவில்லை, அதற்குப் பதிலாகக் கை நிறையக் காசு வந்திருக்கிறது. அடுத்தது தம்பியின் பந்தயம். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சிஸ்டர், ஜெயிச்சிட்டு ஏன் அழுவுறீங்க?" என்று அவர் குனிந்து கேட்டார். யாரோ மைலோ வாங்கிக் கொடுத்தார்கள். அதிர்ச்சியில் அப்படித்தான் இருக்கும், முதல் வெற்றி இல்லையா என்று பேசிக்கொண்டார்கள். தம்பியின் பந்தயம் தொடங்கியபோது நான் திரையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, வர்ணனையாளர் குரல் மாறுகிறதா என்று மட்டும் கேட்டேன். ஆள் விழுந்தால் குரல் மாறும். மாறவில்லை. அவன் எத்தனையாவதாக வந்தான் என்பதுகூட எனக்குத் தெரியாது.

மாலையில் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடிப்போய்த் தலை, தோள், கை என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "என்ன அக்கா, யாராவது செத்துட்டாங்களா?" என்றான். அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தோடு, குடை, தேக்கா, ஒன்பதாம் நம்பர், எல்லாம். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் முகம் இறுகிப்போனது.

"ஒவ்வொரு வாரமும் நான் விழுவேன்னு நெனச்சுக்கிட்டா அங்க போய் நிக்கிற?"

"விழக் கூடாதுன்னுதான்டா."

"ரெண்டும் ஒன்னுதான்." குரலை உயர்த்தவில்லை. "அக்கா, குதிரைக்குக் கண்ணு காது எல்லாம் நம்ம கையிலதான். எனக்குப் பயம் வந்தா கடிவாளம் வழியா அதுக்குப் போயிடும். அது பயந்துச்சுன்னா நான் முடிஞ்சேன். உன் பயத்தை என் மேல ஒட்ட வைக்காதே. இந்த வீட்டுல இனிமே இந்தப் பேச்சே வேணாம்."

அதோடு எங்கள் வீட்டில் பயம் என்ற சொல் நின்றுபோனது. அவன் கிளம்பும்போது சிரித்துக்கொண்டு, "போயிட்டு வா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். வழக்கம்போல என்று அவன் சொன்னாலும் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஜெயித்த காசை அடுத்து வந்த பந்தயங்களில் ஏர்கான்காரரின் உதவியோடு ஒழுங்காகத் தோற்று முடித்தேன். ஆம், கட்டுவதை நான் நிறுத்தவில்லை. மடியில் நெருப்பை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள், திடலை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது, வீடுகள் வரும் என்றார்கள். தேக்காக் கூடத்தில் துக்க வீடு மாதிரி இருந்தது. ஏர்கான்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம ஊருக் குதிரையே இல்லாமப் போச்சே சிஸ்டர்" என்றார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். எனக்கு எழுந்து ஆடலாம் போலிருந்தது. அன்று மாலையே காத்தோங் போய்ப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். இனி இவன் தரையில் நடக்கும் மனிதனாக, ஏதாவது ஒரு கடையிலோ அலுவலகத்திலோ உட்கார்ந்துவிடுவான்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. கடைசிப் பந்தயம் முடிந்த வாரமே அவன், "ஆஸ்திரேலியாவில ஒரு டிரெய்னர் கூப்புடுறாரு" என்றான். பெரிய நகரம்கூட இல்லை. உள்நாட்டில், பெயரே கேள்விப்படாத ஒரு சின்ன ஊர். அங்கே தரைக்கு நான்கு சொற்கள் மட்டும் கிடையாது, பத்து வரை எண் போடுகிறார்கள் என்பதை நானே தேடிப் படித்தேன். எட்டும் அதற்கு மேலும் என்றால் முழங்கால் சேறு. எங்கள் வீட்டில்தான் அந்தப் பேச்சு கிடையாதே. குளிருக்கு உள்சட்டைகள் வாங்கி மடித்து வைத்தேன்.

சாங்கி விமான நிலையத்தில் பெட்டியைப் போட்டுவிட்டு வந்தவன் உள்ளே போகாமல் நின்றுகொண்டிருந்தான். தலைக்கவசத்தை மட்டும் கைப்பையில் வைத்திருந்தான். பையைத் திறந்து அதன் வாரை இழுத்துப் பார்த்தான். மூடினான். மறுபடியும் திறந்து இழுத்துப் பார்த்தான்.

"என்னடா?"

"ஒன்னுமில்ல." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அக்கா, நான் ஓட்டுற அன்னைக்கெல்லாம் கட்டிடுவியா?" என்றான்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது, அவன் குதிரை ஏறிய நாளிலிருந்து நான் பட்ட பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. இவ்வளவு நாளும் இரண்டு பேரில் ஒருவராவது பயப்படாமல் இருக்கிறோம் என்ற ஒரே தைரியத்தில்தான் நான் இருந்திருக்கிறேன். அவன் கையைப் பிடித்தேன். ஐஸாக இருந்தது.

"கட்டுறேன்டா. நீ போ" என்றேன்.

ஆஸ்திரேலியாவில் அவனுடைய முதல் பந்தயத்தன்று தேக்காக் கூடத்துக்கு நேரத்தோடே போனேன். வெளிநாட்டுப் பந்தயங்கள் இப்போதும் அங்கே ஓடுகின்றன. தரை எட்டு என்று கைத்தொலைபேசியில் பார்த்திருந்தேன். பணம் கட்டும் முகப்பில் இருந்த பெண்ணிடம் அந்த ஊரின் பெயரைச் சொன்னேன். அவர் திரையில் தேடினார், உதட்டைப் பிதுக்கினார்.

"அந்த டிராக் இங்க இல்ல மேடம். பெரிய ரேஸ் மீட்டிங் மட்டுந்தான். வேற ஊர் போடுறீங்களா?"

"அந்த ஊர்தான் வேணும். அதே ஊர்ல எந்த ரேஸா இருந்தாலும் பரவால்ல."

"அந்த ஊரே இல்ல மேடம்."

வேறு ஊர்க் குதிரை தோற்றால் அவன் கணக்கில் அது எப்படிச் சேரும்? பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அப்போது தம்பியிடமிருந்து செய்தி வந்தது. "ஃபோனை வாங்கி வெச்சுடுவாங்க. கட்டிட்டியா?"

பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். நான் விலகி நின்று, "கட்டிட்டேன். தைரியமாப் போயிட்டு வா" என்று அனுப்பினேன். அவன் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறிகள் விழுந்தன. அந்தப் பந்தயத்தைக் காட்ட அங்கே திரைகூட இல்லை.

அதற்குப் பிறகு அவன் கேட்காத பந்தய நாள் இல்லை. நானும் ஒரே பதிலைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அவன் ஜெயித்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் கூப்பிட்டான். முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளை. இப்படி அவன் சிரித்துப் பல மாதம் ஆகிவிட்டது.

"அக்கா, கடைசி வளைவுல ரெண்டு குதிரைக்கு நடுவுல ஒரு இடுக்கு. முன்னாடின்னா சத்தியமா போயிருக்க மாட்டேன், சுத்திக்கிட்டுத்தான் வந்திருப்பேன். நீதான் கட்டியிருக்கியேன்னு பூந்துட்டேன்."

காப்புறுதி இருக்கிறது என்று நம்புகிறவன் எப்படி ஓட்டுவான் என்பதைப் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அடுத்த பந்தயத்தில் அவன் கை கடிவாளத்தில் நடுங்குவது கண்முன் வந்தது. சொல்லாமல் விட்டால் என்று நினைத்தேன்; இரண்டு குதிரைக்கு நடுவே அந்த இடுக்கு கண்முன் வந்தது.

"அடுத்த சனிக்கிழமை மூணு குதிரை இருக்கு. கட்டிடுவேல்ல?" என்றான்.

"கட்டிடுறேன்டா" என்றேன்.